மூதாட்டியரும் நவநாகரிக அலங்காரமும்

மேனியை அழகு செய்துகொள்ளும் விருப்பம் மக்களுக்கு இயல்பாக உள்ளது. அவ்விருப்பம் எவ்வயதில் அடங்குதல் வேண்டும் என்னும் வினாவோ நம் ஊர்களில் அடிக்கடி எழுகின்றது. தாராபுரத்துத் திருமண மண்டபம் ஒன்றில், அறுபது கடந்த அம்மையார் ஒருவர் தலைமயிருக்குச் செம்புநிறச் சாயமேற்றி, நகங்களுக்கு நீலப்பூச்சிட்டு, முன்கையிற் புதிதாகப் பச்சை குத்திக்கொண்டு நுழைவாராயின், பந்தியில் அமர்ந்தோர் கண்கள் இலையை விட்டு அவர்மேற் செல்லும். "இந்த வயசுல இதெல்லாம் எதுக்குங்க?" என்று ஒருவர் மெல்ல வினவுவார்; அருகிருப்போர் புன்னகை செய்வர். அவ்வினாவைப் பரிகாசமாக விட்டுவிடாது, உண்மை வினாவாகவே கொண்டு ஆராய்தல் ஈண்டு நம் நோக்கமாகும். இளையோர்க்குரியவென்று கருதப்படும் துணிச்சலான அலங்காரங்களை மூத்த பெண்மணிகள் மேற்கொள்ளலாமா? கொள்ளலாமெனின் எவற்றை? விலக்கலாமெனின் எக்காரணம் பற்றி?

முதலாவதாக, புதுமையெனப்படுவன யாவும் புதியனவல்ல என்பது உணரத்தக்கது. இன்று கல்லூரி மாணாக்கர் பெருநகரங்களிற் பெரும்பொருள் கொடுத்துக் குத்திக்கொள்ளும் பச்சை, கொங்குநாட்டு அப்பத்தாமார், அம்முச்சிமார் பலருடைய முன்கைகளில் எழுபது எண்பது ஆண்டுகட்கு முன்னரே ஏறியதாகும். ஊர்தோறும் வந்த குறத்தியர், விளக்குக்கரியைப் பச்சிலைச் சாற்றிற் குழைத்து, ஊசியாற் குத்திப் புள்ளியும் கோலமும் தேளும் வரைந்து, கூலியாகத் தவசம் பெற்றுச் சென்றனர். 1909ஆம் ஆண்டு வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றிய பெருநூல், குறவர் குலப் பெண்டிரின் இத்தொழிலைக் குறித்துள்ளது. பேத்தி குத்திக்கொண்டால் நாகரிகம் என்றும், அதனையே கண்டு பாட்டி ஆசைப்பட்டால் அடாதது என்றும் கூறுவோர், அப்பாட்டியின் கையைச் சற்று உற்று நோக்குவாராக. வடபுலத்துப் பிலிப்பைன் தீவின் கலிங்கா மலைநாட்டில் வாங்-ஓத் என்னும் மூதாட்டி, முள்ளும் கரியும் கொண்டு பச்சை குத்துபவர். 1917இற் பிறந்தவர் என்பர். 2023 ஏப்ரல் மாதத்தில், தமது 106ஆம் வயதில், 'வோக்' என்னும் நாகரிகப் பத்திரிகையின் அந்நாட்டுப் பதிப்பிற்கு அவர் முகமே அட்டைப்படமாயிற்று. நம் குறத்தியர்க்கு அத்தகைய பத்திரிகை வாய்த்திலது.

காதின் செய்தி இன்னும் விந்தையுடையது. தென்பாண்டி நாட்டுப் பெண்டிர் இளமையிலேயே காதை வளர்த்துப் பாம்படமும் தண்டட்டியும் அணிந்தனர். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவ்வழக்கம் பட்டிக்காட்டுத்தனம் எனப் பெயர்பெறவே, நடுவயதுப் பெண்டிர் பலர் தொங்கிய காதை அறுத்துத் தைத்துச் சிறிய கம்மலிட்டுக்கொண்டனர். ஆகவே புது நாகரிகத்தின் பொருட்டு மூத்தோர் தம் உடலின்மேற் கத்தி வைத்துக்கொண்டதும் இந்நாட்டிற்குப் புதிதன்று. அன்று அதனை யாரும் நகைத்திலர்; காது சிறிதாதலே முன்னேற்றமென ஊரார் ஒப்பினர். இன்றோ மேல்நாட்டு இளைஞர் வளையமிட்டுத் தம் காதுமடலைப் பெரிதாக்கித் திரிகின்றனர்!

இரவிக்கையையும் இவ்வரிசையிற் சேர்த்தல் தகும். இன்று அடக்கத்தின் சின்னமாகக் கருதப்படும் இவ்வுடை ஒரு காலத்திற் பெருந்துணிச்சலாக எண்ணப்பட்டது. தென் திருவிதாங்கூரில் மிஷன் சபைகளைச் சேர்ந்த நாடார் குலப் பெண்டிர் மேலாடை அணிந்ததன் பொருட்டு 1822 முதலாகக் கலகங்கள் விளைந்தன, உடை கிழிக்கப்பட்டது, ஆலயங்களும் பள்ளிகளும் தீக்கிரையாயின. 1859 ஜூலை 26ஆம் நாள் மன்னர் பிறப்பித்த பிரகடனத்தின் பின்னரே அவர்கள் மார்பை மறைக்கும் உரிமை பெற்றனர். அப்பொழுதும் மேற்குலத்தாரைப் போல் அணிதல் ஆகாதென்னும் நிபந்தனையோடு. நம் கொங்குநாட்டுச் சிற்றூர்களிலோ, பின்கொசுவம் வைத்துச் சேலை கட்டிய மூதாட்டியர் பலர் இரவிக்கையின்றியே வாழ்ந்து மறைந்தனர். மருமகள் இரவிக்கை அணிந்து வந்தபோது முணுமுணுத்த மாமியார் எத்தனையோ பேர். எது நாணம், எது நாணமின்மை என்பதை ஓரொரு தலைமுறையும் மாற்றி எழுதியே வந்துள்ளது. எழுபது வயதுடைய தாராபுரத்துப் பெண்மணி ஒருவர், இருந்த வீட்டிலேயே இருந்துகொண்டு, கோயம்புத்தூர் மாவட்டத்திற் பிறந்து, 1979 முதல் பெரியார் மாவட்டத்தினராகி, பின்னர் அதன் பெயர் ஈரோடென மாறக் கண்டு, 2009 முதல் திருப்பூர் மாவட்டத்தினராக உள்ளார். மாவட்டம் மாறுவதை ஏற்றுக்கொண்ட ஊர், அவர் பொட்டின் நிறம் மாறுவதையும் பொறுத்துக்கொள்ளலாம்.

இனி, இவ்வினாவின் உள்ளே மறைந்து கிடக்கும் கடினமான பகுதிக்கு வருவோம். நம் நாட்டிற் பெண்ணொருத்தி மூதாட்டியாவது ஆண்டுகளின் எண்ணிக்கையால் மட்டுமன்று. கணவனை இழந்த அன்றே இருபது வயதுடையாளும் கிழவியாக்கப்பட்டாள். மஞ்சள், குங்குமம், மலர், வண்ணச்சேலை ஆகிய நான்கும் ஒரே நாளில் அவளிடமிருந்து நீங்கின. அவற்றுள் மஞ்சள் நம் மண்ணின் விளைபொருள். 2019இற் புவிசார் குறியீடு பெற்ற ஈரோட்டு மஞ்சளை விதைத்து, களையெடுத்து, வேகவைத்து உலர்த்தும் கைகளுட் பல, அதனைத் தம் முகத்திற் பூச உரிமையற்ற கைகளாக இருந்தன. திருமணச் சீர்களை நடத்துவோர் மூத்தோரே எனினும், கணவனை இழந்த தாய், தான் பெற்ற மகளின் திருமணத்தில் இன்றும் பல இடங்களிற் பின்வரிசையிலேயே நிற்கின்றாள். அத்தகைய ஒருத்தி அறுபதாம் வயதில் நகத்திற்குச் சாயமிட்டால், அதனை வீண் ஆடம்பரமென்று ஒரு சொல்லில் ஒதுக்குதல் நேர்மையாகுமா?

கொடுமுடியிற் பிறந்த கே. பி. சுந்தராம்பாள் அம்மையாரை இங்கே நினைத்தல் பொருந்தும். 1908இற் பிறந்த அவர், நாடக மேடையிற் புகழின் உச்சியில் இருக்கையில், 1933 டிசம்பரில் எஸ். ஜி. கிட்டப்பா காலமானார். அம்மையாருக்கு அப்பொழுது இருபத்தைந்து வயதே. அன்று முதல் வெள்ளைக் கதராடை உடுத்தி, அணிகலன் துறந்து, இறுதிவரை அக்கோலத்திலேயே வாழ்ந்தார். இருபது ஆண்டு கழித்து, 1953இல், ஜெமினியார் வெளியிட்ட 'ஔவையார்' படத்தில் மூதாட்டி வேடம் பூண்டபோது அவர் வயது நாற்பத்தைந்துக்குள்ளேதான். தமிழ்நாட்டார் ஔவை என்றவுடன் இன்றும் மனக்கண்ணிற் காண்பது அம்முகத்தையே. அவர் கோலம் அவரே உறுதியாக மேற்கொண்டது; அதன் மாட்சியை நாம் குறைத்துரைக்கவில்லை. ஆயினும் அதே வெண்ணிறம், தாமாக விரும்பாத ஆயிரக்கணக்கான பெண்கள்மேல் ஊராரால் உடுத்தப்பட்டது. நிறம் ஒன்றே, உடுத்தியவர் யார் என்பதிலேதான் வேறுபாடு.

ஔவையாரைப் பற்றிய செவிவழிக் கதையும் இதற்குத் துணைநிற்கின்றது. மணம் பேச வந்தபோது அவர் விநாயகரை வேண்டித் தம் இளமையை நீக்கிக்கொண்டார் என்பர். காரைக்காலம்மையார் தம் அழகிய வடிவை உதறிப் பேயுருவை வேண்டிப் பெற்றார் என்பது பெரியபுராண வரலாறு. ஆடவருள்ளும் ஒருவர் உளர்: வழக்குரைக்க வந்த முதியோர் தன் இளமையை ஐயுற்றபோது, கரிகாற்சோழன் நரைமுடி அணிந்து நீதி வழங்கினான் என்று பழங்கதை கூறும். முதுமைக்கோலம் பூண்ட இளையோரைப் போற்றிப் பாடும் நாம், இளமைக்கோலம் பூண்ட முதியோரை மட்டும் நகைப்பதேன்? பிசிராந்தையார் ஆண்டு பலவாகியும் தமக்கு நரை தோன்றாமைக்குக் காரணம் கூறிய புறநானூற்றுப் பாட்டும், நரையின்மையை ஒரு நற்பேறாகவே கொண்டு எழுந்ததன்றோ?

மிஷன் கல்லூரியிற் பயில்வோர் உடனே திருமறையை நினைப்பர். பேதுருவின் முதலாம் நிருபம் மூன்றாம் அதிகாரம், மயிர்ப்பின்னலும் பொன்னணியும் பற்றிப் பெண்களை எச்சரிப்பது நாம் அறிந்ததே. ஆனால் அவ்வெச்சரிக்கை மனைவியரெல்லார்க்கும் உரியது. அதில் இளையோர்க்கு ஒரு சட்டம், முதியோர்க்கு வேறொரு சட்டம் என்பதில்லை. முதிர்வயதுப் பெண்களைத் தனியே விளித்துப் பவுல் கூறுவது தீத்துவுக்கு எழுதிய நிருபத்தில். அங்கே அவர் பயபக்தியான நடக்கையை வற்புறுத்தி, அவதூறு பேசுதலையும் மதுபானத்தையும் விலக்குகின்றார். சாயத்தையும் பூச்சையும் பெயர் சொல்லிக் குறித்திலர். மண்டபத்தில் அந்த அம்மையாரைப் பற்றி மெல்லப் பேசியவர்கள் அவ்வசனத்தை ஒருமுறை எடுத்துப் பார்க்கலாம். யேசபேல் கண்ணுக்கு மையிட்டுப் பலகணியில் நின்றதைக் காட்டி அலங்காரத்தையே பழிக்கும் பிரசங்கங்கள் உண்டு. அவள் மாண்டது நாபோத்தின் இரத்தப்பழியால் என்பதை மறத்தல் ஆகாது. துன்பமெல்லாம் தீர்ந்த பின் யோபுவுக்குப் பிறந்த மூன்றாம் மகளின் பெயரோ கேரேனாப்புக். எபிரெய மொழியில் அதன் பொருள், கண்மை வைக்கும் கொம்பு என்பதாம்!

இவ்வளவும் கூறியதனால், கடைகளில் விற்பன எல்லாவற்றையும் மூத்தோர் வாங்கிப் பூசலாம் என்று நாம் உரைப்பதாக எண்ணற்க. முன்பு ஊரார் பெண்ணை வயதுக்கு முன்னே கிழவியாக்கினர்; இன்று வணிகர் அவளைக் கிழவியாகவே விடுவதில்லை. கைப்பேசித் திரையில் நாள்தோறும் தோன்றும் விளம்பரங்கள், சுருக்கம் ஒரு குற்றம், நரை ஒரு நோய் என்று கற்பிக்கின்றன. மணப்பெண்ணின் ஒப்பனைக்குப் பேசும் கூலியில் அவள் தாய்க்கும் சேர்த்தே விலை கூறும் வழக்கம் வந்துவிட்டது. "புகைப்படத்துல நல்லா இருக்கோணும்மா" என்று மக்கள் வற்புறுத்த, விருப்பமின்றி நாற்காலியில் அமர்ந்து முகத்தைக் கொடுக்கும் தாயரும் உளர். விருப்பமின்றி உடுத்த வெள்ளைச் சேலையும், விருப்பமின்றிப் பூசிய சிவப்புச் சாயமும் ஓரினத்தனவே. ஆதலின் தானே விரும்பியதா என்பது முதல் வினா. தன் உடம்பு தாங்குமா என்பது இரண்டாவது. வயது என்பது இவ்விரண்டாம் வினாவிலேதான் உண்மையாகப் பொருள் பெறுகின்றது. இதனைச் சற்று விரித்துக் கூறுவோம்.

மாதவிடாய் நின்றபின் முதல் ஐந்து ஆண்டுகளுள் தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்னும் புரதம் ஏறக்குறைய 30 விழுக்காடு குறைகின்றது என்பது மருத்துவ நூலோர் கணக்கு. தோல் மெலிகின்றது, எண்ணெய்ப் பசை வற்றுகின்றது, காயம் ஆறுதற்கு நாட்கள் மிகுகின்றன. இருபது வயதுத் தோல் பொறுத்துக்கொள்ளும் மருந்தை அறுபது வயதுத் தோல் பொறாது. மூத்தோரிடத்து நீரிழிவும் மிகுதி; இதயநோய்க்காகக் குருதி உறையாமைக்குரிய மாத்திரை உண்போரும் பலர். இவர்கள் பச்சை குத்திக்கொண்டால் குருதி எளிதில் நில்லாது. புண் சீழ்வைக்கவும் கூடும். பச்சையின் கரித்துகள் தோலின் உள்ளடுக்கிற் சென்று, அங்குள்ள காவலணுக்களால் விழுங்கப்பட்டு அவற்றினுள்ளே தங்குவதனாலேயே அழியாதிருக்கின்றது. இரும்புச் சத்துள்ள சாயமாயின், பிற்காலத்தில் எம்.ஆர்.ஐ. படம் எடுக்கையில் அரிதாக அவ்விடத்தில் எரிச்சலும் வீக்கமும் தோன்றுவதுண்டு. சருக்கரை கட்டுக்குள் இருந்து, மருத்துவரும் இசைந்து, புதிய ஊசியும் தூய சாயமும் கண்ணெதிரே பிரிக்கப்படுமாயின், சிறியதொரு பச்சைக்கு நாம் தடை கூறோம். திருவிழாக் கடையில் ஒரே ஊசியாற் பலர்க்குக் குத்துவதை எவ்வயதினரும் ஏற்றலாகாது. கல்லீரல் அழற்சி நோய்கள் அவ்வழியே பரவும்.

எல்லாவற்றினும் தீயவை வெண்மை தருவதாகக் கூறி விற்கப்படும் களிம்புகள். இவற்றுட் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்துள்ளது. பூசிய சில வாரங்களில் முகம் பளிச்சிடும். பின்பு தோல் தாள்போல் மெலிந்து, சிவந்து, நிறுத்தினாற் கொப்புளிக்கும். முன்னரே மெலிந்த முதிய தோலுக்கு இது இரட்டைக் கேடு. 2018ஆம் ஆண்டு இந்திய அரசாங்கம் இத்தகைய 14 பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாதென விதித்தது. எனினும் கேட்டால் எடுத்துக் கொடுக்கும் கடைகள் இல்லாமற் போகவில்லை. வேறு சில களிம்புகளிற் பாதரசம் உள்ளது. பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால், கேரளத்துக் கோட்டக்கல்லில், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். அவர்களுள் 15 பேரிடத்து நோயின் தன்மை அரிதாகக் காணப்படும் ஒருவகையாயிருந்தது. அப்பதினைவருள் 13 பேர் வெண்மைக் களிம்பு பூசியோர். தோலின் மேல் தடவியது சிறுநீரகத்திற் சென்று தங்கியது. கறுத்த மேனி உழைத்த மேனி என்று பெருமை பேசும் கொங்குநாட்டார், பெண் பார்க்கும்போது மட்டும் வெண்மையைத் தேடுவதே இக்களிம்புக்காரருக்கு முதலாக உள்ளது.

சுருக்கம் நீக்கும் ஊசியும் கோயம்புத்தூர் வரை வந்துவிட்டது. நஞ்சுணவில் தோன்றும் கிருமியொன்றின் விஷத்தை நுண்ணளவிற் செலுத்தி, நரம்பின் கட்டளை தசைக்குச் செல்லாவாறு தடுப்பதே அதன் தொழில். புருவநடுச் சுருக்கத்திற்காக அமெரிக்க அரசு 2002இல் அதற்கு இசைவளித்தது. மூன்று நான்கு திங்களில் அதன் ஆற்றல் ஒழிய, மீண்டும் பணம் செலுத்த வேண்டும். அறுபத்தைந்து கடந்தோரிடத்து அதன் பயன் குறைவென்று ஆராய்ந்தோர் கண்டுள்ளனர். தொய்ந்த தோலினால் விழுந்த மடிப்பைத் தசையை உறங்கச் செய்து நீக்க இயலாதன்றோ? மூதாட்டியர் இதற்குச் செலவிடும் பொருள் பெரும்பாலும் வீணே என்பது நம் கருத்து.

தலைச்சாயமோ மிகப் பரவலானது. ஆதலின் இதனை மட்டும் நுணுகிக் கூறுவோம். 1907இற் பாரிஸ் நகரத்து ரசாயனி யூஜீன் ஷுயெல்லர் செயற்கைத் தலைச்சாயம் செய்து விற்கத் தொடங்கினார். இன்றைய கருஞ்சாயங்களிற் பெரும்பாலானவற்றின் உயிர்ச்சரக்கு பாரா-பீனிலீன்-டையமீன் என்பது. சாயப்பெட்டியின் மேல் பி.பி.டி. என்று குறிக்கப்பட்டிருக்கும். பத்தாண்டு தீங்கின்றிப் பூசியவர்க்கும் பதினோராம் ஆண்டில் அது ஒவ்வாமற் போகலாம். நெற்றி அரித்து, கண்ணிமை வீங்கி, முகமே உருமாறும். 'கருமருதாணி' என்னும் பெயரோடு வருவனவற்றிலும் இதுவே கலந்திருப்பதுண்டு. உண்மையான மருதாணி ஒருபோதும் கருமை தராது, செம்மையே தரும். கருமை வேண்டுவோர் மருதாணி பூசிக் கழுவியபின் அவுரியிலைப் பொடியைக் குழைத்துப் பூசுதல் நம் நாட்டுப் பழைய முறை. கடைச்சாயமே விரும்புவோர், ஒவ்வொரு முறையும், முன்பு எத்தனை முறை பூசியிருப்பினும், காதின் பின்புறத்திற் சிறிது தடவி 48 மணி நேரம் பொறுத்துப் பார்த்தல் வேண்டும். பெட்டிக்குள் இருக்கும் தாளில் இது பொடியெழுத்தில் அச்சிடப்பட்டுள்ளது. வெள்ளெழுத்துக் கண்ணுடையார்க்கு அதனைப் படித்துக் கூறுதல் பேரப்பிள்ளைகளின் கடமை.

ஒட்டுப்பொட்டைப் பற்றியும் ஒரு சொல். அதன் பின்புறத்துப் பசையில் உள்ள ஒருவகை ரசாயனம் சிலருக்கு நெற்றியில் வெண்புள்ளியை உண்டாக்குகின்றது. அதனை நாணி மறைக்க மேலும் பெரிய பொட்டு ஒட்டுவோர், அப்புள்ளியை வளர்க்கின்றனர். வெண்மை தோன்றிய அன்றே பொட்டை நீக்கி மருத்துவரைக் காண்க.

நகப்பூச்சு இவற்றுள் பெரிதும் தீங்கற்றது. ஆயினும் மருத்துவமனைக்குப் புறப்படும் மூதாட்டியர், ஒரு விரலிலேனும் அதனை அழித்துவிட்டுச் செல்வது நன்று. குருதியில் உள்ள பிராணவாயுவின் அளவை அறிய விரல்நுனியில் மாட்டும் கருவி, நகத்தை ஊடுருவும் ஒளியைக் கொண்டே கணக்கிடுகின்றது. கருநீலமும் கறுப்பும் போன்ற பூச்சுக்கள் அவ்வொளியைத் தடுத்து அளவைப் பிழைபடக் காட்டும். ஒரு விரல் வெறுமையாக இருப்பின், மற்ற ஒன்பதும் எந்நிறமாயினும் மருத்துவர்க்கு இடையூறில்லை.